பதினோராவது மைல்

துறைமுகத்தின் தெற்கு மூலையில் ஒரு மதில் உண்டு. மதிலுக்கு இந்தப் பக்கம் மாநில மீன்துறையின் வயர்லெஸ் அறை. ஒரு மேசை, முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, சுவரில் கடல் வரைபடம், இருக்கை கிழிந்த ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் மத்திய அரசின் கடற்காவல் நிலையம். அங்கே கொடிமரம் உண்டு, குளிர்சாதனம் உண்டு, வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய படகும் உண்டு. இரண்டுக்கும் நடுவே முப்பது தப்படி தூரம்.

கரையிலிருந்து பன்னிரண்டு மைல் வரைக்கும் கடல் மாநிலத்துடையது, அதைத் தாண்டினால் மத்திய அரசுடையது என்று சட்டம். தண்ணீரில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. மீனுக்கு அந்தச் சட்டம் தெரியாது. மீன் இருக்கும் இடத்துக்குத்தான் படகு போகும்.

வயர்லெஸ் அறையில் உட்கார்ந்திருந்தவளை எல்லாப் படகுக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். காலை ஆறரைக்கு அவள் ஒலிவாங்கியை எடுப்பாள். படகு எண், ஆள் எத்தனை, எந்தத் திசை, எத்தனை மைல் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவாள். இருபத்தேழு வருஷமாக அதுதான் வேலை. கல்யாணத்துக்கு மறுநாள்கூட வந்து எழுதினவள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து அதிகாரியை அவள் மதில் சார் என்று சொல்லுவாள். அவர் அங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பத்து மணி வாக்கில் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

"என்னம்மா, உங்க கடல் எப்படி இருக்கு இன்னிக்கு?"

"எங்க கடல் சமத்தா இருக்கு சார். உங்க கடல்தான் ரொம்ப ஆடுது."

"வளர்ப்பு அப்படி. மேலிடத்துல ரொம்பச் செல்லம்."

இப்படிப் பேசிக்கொள்வார்கள். தினமும் அதே வேடிக்கை, தினமும் சிரிப்பு.

அந்த மதிலைத் தாண்டி ஒரு காகிதம் போக வேண்டுமென்றால் மட்டும் சிரிப்பு வராது. மாநிலத் தலைநகரத்துக்குப் போய், அங்கிருந்து நாட்டுத் தலைநகரத்துக்குப் போய், அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டு, அப்புறம் இறங்கி வரும். முப்பது தப்படிக்கு முந்நூறு காத தூரம் சுற்று.

நாலு வருஷத்துக்கு முன்னால், அந்த நிலையமே இங்கே இல்லாத காலத்தில், ஒரு படகு எஞ்சின் கெட்டுப் பதினாலாவது மைலில் நின்றது. அக்கா நேர்மையாகப் பதினாலு என்று எழுதினாள். மாநிலத்துப் படகு புறப்படவில்லை. "நம்ம எல்லை இல்லையே, அவங்களுக்கு எழுது" என்றார்கள் மேலே. எழுதினாள். காகிதம் ஏறி இறங்கி முடிவதற்குள் முழுதாக ஒரு பகல் போய்விட்டது. வேறொரு மீன்படகு தற்செயலாகப் பார்த்து இழுத்து வந்தது. உள்ளே இருந்த மூன்று பேருக்கும் உதடு வெடித்து நாக்கு தடித்துப் பேச்சே வரவில்லை. அவர்களைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு.

அடுத்த நாள் படகுக்காரர்களை ஐஸ் ஆலைக்குப் பின்னால் கூட்டி வைத்துச் சொன்னாள்: "இனிமே எங்க இருந்தாலும் பதினொண்ணுன்னு சொல்லுங்க. பதினொண்ணுன்னா எங்க படகு வந்தே ஆகணும். வந்தப்புறம் டிரைவர் பார்த்துப்பார்."

அப்போதைய டிரைவர் நல்ல மனுஷர். அவருக்கும் இது தெரியும். பதிவேட்டில் பதினொன்று என்று பார்த்தால் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "அக்காவோட பதினொண்ணா, நிஜப் பதினொண்ணா?" என்று கேட்பார். அவள் ரகசியமாக நிஜத்தைச் சொல்லுவாள். அவர் பாட்டுக்குப் போய் இழுத்துக்கொண்டு வருவார். நாலு வருஷத்தில் ஐந்து படகுகள் அப்படி வந்தன. அக்காவைச் சாமி மாதிரிப் பார்த்தார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே பிடித்திருந்தது.

மூன்று மாதம் முன்னால் அந்த டிரைவர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவனுக்குத் துறைமுகமே விறைப்பு என்று பெயர் வைத்துவிட்டது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. படகிலும் புதுக் கருவி பொருத்தியிருந்தார்கள். பன்னிரண்டைத் தாண்டினால் தலைமை அலுவலகத்தில் மணி அடிக்கும். விறைப்பு அதைப் பெருமையாகச் சொன்னான்: "நான் ஒரு அடி தாண்ட மாட்டேன் மேடம்."

அன்றைக்கே அக்கா படகுக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பழைய பதினொன்று இனிமேல் செல்லாது, நிஜத்தைச் சொல்லுங்கள், இப்போதுதான் பக்கத்திலேயே மத்திய நிலையம் வந்துவிட்டதே என்று. பதினெட்டு என்றால் மதில் சார் யாரிடமும் கேட்காமல் தானே புறப்படலாம், அது அவர் கடல். அந்தப் பொய்க்குத் தேவையே போய்விட்டிருந்தது.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். ஏன் என்று கேட்டால், அலமாரியில் நாலு வருஷத்துப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. பக்கம் பக்கமாக அவள் கையெழுத்தில் பதினொன்று, பதினொன்று, பதினொன்று. திடீரென்று ஒரு நாள் காலையில் எல்லாப் படகும் இருபதுக்குப் போய்விட்டால், மேலே இருக்கிறவர்கள் பழைய பக்கங்களைப் புரட்டமாட்டார்களா?  அதை நினைக்கும்போதெல்லாம் நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

அப்படியே மூன்று மாதம் போயிற்று.

அந்தப் படகுகளில் ஒன்று தொண்டையுடையது. வயர்லெஸ் என்று ஒன்று கையில் இருப்பதையே மறந்து, கரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவான், அதனால் அந்தப் பெயர். கூடப் போகிறவன் அவன் தங்கை புருஷன். அவன் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். தொண்டை கத்தி முடித்ததும் ஒலிவாங்கியை வாங்கி ஒரு சின்ன விசில் அடிப்பான், குருவி மாதிரி, ஏறி இறங்கி. தானும் இருக்கிறேன் என்பதற்கு அடையாளம் அது. அக்கா அதைக் கேட்டுவிட்டுத்தான் 'ஆள் இரண்டு' என்று எழுதுவாள். துறைமுகத்தில் அவனுக்கு விசில் என்றே பெயர்.

அன்றைக்கும் ஆறரைக்குத் தொண்டை கத்தினான். "அக்கா! ரெண்டு பேரு! தென்கிழக்கு! பதினொண்ணு!"

"காது போச்சுப்பா. மெதுவா."

"மாப்பிள்ளை, அக்காவுக்குக் காது போச்சாம், கொஞ்சம் மருந்து போடு!"

விசில் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

ஏழு ஐம்பதுக்கு மறுபடி அவன் குரல். இந்த முறை கத்தவில்லை. அதிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, அடிப்பலகை பிளந்துடுச்சு. தண்ணி ஏறுது. எஞ்சின் முங்கிடுச்சு."

"எங்க இருக்கே? எத்தனை மைல்?"

"பதினொண்ணு."

"நிஜமா சொல்லு—"

"பதினொண்ணு அக்கா. நீங்க சொன்ன பதினொண்ணு. படகை அனுப்புங்க." அப்புறம் கரகரவென்று சத்தம். அதோடு போயிற்று. பாட்டரியிலும் தண்ணீர் ஏறியிருக்கும்.

அவளுக்கு எங்கே என்று தெரியும். போன வாரம்தான் ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு வந்து, "பதினெட்டுல பிடிச்சது அக்கா, தென்கிழக்கு, அந்தப் பாறைத் திட்டுக்கு மேல. இனிமே அதுதான் எங்க இடம்" என்று காட்டினான். எட்டு மணிக்கு முன்பே அவளுக்குத் தெரியும். இதைத்தான் பின்னால் அவள் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

விறைப்பு எட்டேகாலுக்குப் புறப்பட்டான். அவனை நோக்கி அவள் ஒரு காலடி எடுத்து வைத்தாள். "தம்பி, அவங்க கொஞ்சம் வெளியில தள்ளி இருக்கலாம்."

"பதிவேட்டுல பதினொண்ணுதானே மேடம்?"

"பதினொண்ணுதான். இருந்தாலும்—"

"பதினொண்ணைச் சல்லடை போட்டுச் சலிச்சுடறேன். கவலைப்படாதீங்க."

சலித்தான். ஒன்பதரைக்கு, ஒன்றும் இல்லை என்றான். பத்துக்கும் இல்லை. மாநிலத் தலைநகரத்திலிருந்து மீன்துறை உதவி இயக்குநர் தொலைபேசியில் கேட்டார்: "சரியாத்தான் எழுதினியாம்மா?"

அவள் வாயிலிருந்து வந்தது: "ஆமா சார். பதினொண்ணுன்னுதான் சொன்னாங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. சொன்னார்கள்தான். அப்படி ஒரு உண்மையை வாயில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே மதிலுக்கு அப்பால் அந்த வெள்ளைப் படகு தெரிந்தது. அலை மெதுவாகத் தட்டிக்கொடுக்க, சும்மா நின்றிருந்தது.

பத்தரைக்கு மதில் சார் வந்து முழங்கையை ஊன்றினார். இந்த முறை வேடிக்கை பேசவில்லை.

"தேடறீங்க போல. கிடைச்சாங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"என் படகு சும்மாதான் நிக்குது. உங்க எல்லைக்குள்ள நானா வரமுடியாது, உங்க மேலிடம் கேட்டு எங்க மேலிடம் சொல்லணும். பன்னிரண்டுக்கு வெளியிலன்னா இந்த நிமிஷமே கிளம்பிடுவேன்." கொஞ்சம் நின்றார். "வெளியில இருக்க வாய்ப்பு உண்டாம்மா?"

ஒரு வார்த்தை. பதினெட்டு என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். நாலு பதிவேடுகளின் முதுகும் நீலமாக அவளையே பார்த்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் விறைப்பே கண்டுபிடித்துவிடுவான், நீரோட்டம் இவர்களைக் கரைப் பக்கம் தள்ளியிருக்கும், வேறொரு படகு பார்த்திருக்கும், முன்பு நடக்கவில்லையா என்று மனசு ஆயிரம் சமாதானம் சொன்னது.

"பதினொண்ணுன்னுதான் சொன்னாங்க சார்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டே முக்காலுக்கு விறைப்பின் குரல் வந்தது. "எரிபொருள் குறையுது மேடம். திரும்பறேன்." அப்போதுதான் அவளுக்கு வேறு வழி ஒன்றும் மிச்சமில்லை என்று புரிந்தது. எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல், கொதிக்கிற சிமெண்டுத் தரையில் ஓடி மதிலண்டை போய்க் கூப்பிட்டாள்.

"சார், பதினெட்டு. தென்கிழக்கு. பாறைத் திட்டு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றுக்குப் பத்து நிமிஷம். அவள் முகத்தைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் வெள்ளைப் படகு கிளம்பிவிட்டது.

ஒன்று நாற்பதுக்குத் தொண்டையைக் கண்டெடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தானாம். தனியாக.

மூன்று நாள் தேடினார்கள். விசில் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் மருத்துவமனையில் தொண்டையைப் பார்க்கப் போனாள். தோல் உரிந்த கைகளால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருந்த குரலும் போய்க் காற்றாக வந்தது.

"அக்கா, நீங்கதான் மனசுல பட்டுப் பதினெட்டுன்னு சொன்னீங்களாமே. வார்டு முழுக்கப் பேசிக்கறாங்க. உங்களாலதான் நான் இருக்கேன்."

அவள் போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை பதினொன்றரை வரைக்கும் இருந்தான் அக்கா. என் கடிகாரம் நிக்கல, பார்த்துக்கிட்டே இருந்தேன். பெட்டி ஒண்ணுதான், மாத்தி மாத்திப் பிடிச்சோம். 'அக்கா படகு வந்துடும்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவன் நடுநடுவுல விசில் அடிச்சான், நான் தூங்கிடக் கூடாதுன்னு. அப்புறம் சத்தம் இல்ல. திரும்பிப் பார்த்தா ஆள் இல்ல."

பதினொன்றரை. மதில் சார் வந்து கேட்டது பத்தரை. வெள்ளைப் படகு போய்ச் சேர முக்கால் மணி நேரம். வேண்டாம் என்று தடுத்தாலும் மனசு கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு உதவி அக்கா" என்றான் தொண்டை. "அந்தப் பதினொண்ணு அப்படியே இருக்கட்டும். பன்னிரண்டுக்கு உள்ளன்னா இங்க நம்ம பதிவாளரே ஒரு மாசத்துல இறப்புச் சான்றிதழ் கொடுத்துடுவார். வெளியிலன்னா அது மத்திய அரசு விவகாரமாம். காணாமப் போனவன்னு வெச்சு ஏழு வருஷம் காத்திருக்கணுமாம். தங்கச்சி ஏழு வருஷம் புருஷன் இருக்கானா இல்லையான்னு காகிதமே இல்லாம நிப்பாளா?"

உதவி இயக்குநரும் அதையேதான் விரும்பினார். "நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும். பதினொண்ணுல ஆரம்பிச்சு பத்தொன்பதுல ஒருத்தன் கிடைச்சான். உன் பதிவேட்டுல தப்பே இல்லம்மா. அறிக்கையில ஒரு கையெழுத்துப் போட்டுடு."

எல்லோரும் சேர்ந்து அவளுக்கு மெத்தை விரித்தார்கள். படுக்க வேண்டியதுதான் பாக்கி.

சாயங்காலம் வீட்டில், பேருந்துப் பணிமனையிலிருந்து வந்து கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள்: "எனக்கு எட்டு மணிக்கே தெரியும்."

அவர் குழாயை மூடினார். துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "என்கிட்ட சொல்லிட்டே. போதும். வேற யாருகிட்டயும் சொல்லாதே."

"போதுமா?"

"ஓய்வுக்கு மூணு வருஷம் இருக்கு. நீ கெட்டதா நினைச்சுச் செய்யல."

"பத்தரை மணிக்கு நான் நல்லதா நினைச்சும் செய்யலியே" என்றாள். அவர் துண்டைக் கொடியில் போட்டார். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார். படுத்தாரே தவிர, தூங்கின மாதிரித் தெரியவில்லை.

விசிலின் மனைவிக்கு ஐஸ் ஆலையில் வேலை. பத்தாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். ஆள் நீளத்துப் பனிப்பாளங்களை இரும்புக் கொக்கியால் இழுத்துப் போட்டு, கட்டையால் அடித்து உடைத்துப் பெட்டிகளில் நிரப்புகிற வேலை. அக்கா போனபோது அவள் குனிந்து உடைத்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் தண்ணீர். இதே ஆலைக்குப் பின்னால்தான் நாலு வருஷத்துக்கு முன் அக்கா பதினொன்றைச் சொல்லிக்கொடுத்தாள்.

"வாங்கக்கா. அண்ணன் சொன்னான், அறிக்கையில கையெழுத்துப் போடறீங்கன்னு."

"அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

சொன்னாள். பழைய டிரைவர், புது டிரைவர், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்ட மூன்று மாதம், அலமாரியில் பதிவேடுகள், மதிலண்டை வந்து கேட்ட கேள்வி, எதையும் விடவில்லை. பாதியில் அழுகை வந்தது. அழக்கூடாது, இவள் முன்னால் அழுதால் இவள் வந்து தேற்றும்படி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கட்டை நின்றிருந்தது. அந்தப் பெண் நிமிரவில்லை.

"எத்தனை மணிக்கு உங்களுக்குத் தெரியும்?"

"எட்டுக்கு முன்னாடியே."

"எத்தனை மணிக்குச் சொன்னீங்க?"

"ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்."

அவள் மறுபடி கட்டையை ஓங்கினாள். ஒரு பாளம் முழுவதையும் உடைத்துப் பெட்டிக்குள் நிரப்பினாள். அப்புறம் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பதினொண்ணுல ஒரு வேலையும் கிடையாது. அங்க மீனே இல்லம்பாரு. பதினெட்டைப் பத்திச் சொன்னா மட்டும்தான் வாயைத் திறந்து பேசுவாரு. தண்ணி கறுப்பா இருக்கும், அடியில பாறை இருக்கும்னு." கொக்கியைக் கையில் எடுத்தாள். "அவர் இல்லாத இடத்துல அவர் பேரை எழுதி வாங்கற காகிதம் எனக்கு எதுக்கு?"

"உன் அண்ணன் உனக்காகத்தான்—"

"அவன் எனக்காகக் கேட்டான். சரி. நீங்க எனக்காகன்னு சொல்லி அந்தப் பதினொண்ணை வெக்காதீங்கக்கா. உங்களுக்காக வெச்சுக்கணும்னா வெச்சுக்கங்க. அதுல என்னை இழுக்காதீங்க."

"ஏழு வருஷம் ஆகும்மா."

"ஆகட்டும். ஏழு வருஷம் அவர் எங்க இருக்காரோ அங்க பார்த்துக்கிட்டு இருப்பேன்." அடுத்த பாளத்தில் கொக்கியைப் போட்டு இழுத்தாள். "போயிட்டு வாங்கக்கா. ஐஸ் உருகுது."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அக்காவும் அதைக் கேட்கப் போகவில்லை. கேட்கப் போகவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஆலை வாசல் தாண்டி வெயிலில் நின்றபோதுதான், அதைக் கேட்கத்தான் போயிருக்கிறோம் என்று தெரிந்தது.

நேராக அறைக்கு வந்தாள். பதிவேட்டை விரித்து, அந்தத் தேதியில் பதினொன்றை அடித்துச் சிவப்பு மையால் பதினெட்டு என்று எழுதினாள். பக்கத்தில், 'காலை 7.50 முதல் எனக்குத் தெரியும். பகல் 12.50க்குத் தெரிவித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறிக்கையைக் கையெழுத்தில்லாமல், அந்தப் பக்கத்தின் நகலோடு சேர்த்துத் தலைநகரத்துக்கு அனுப்பினாள். பழைய நாலு பதிவேடுகளையும் அலமாரியிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தாள். யாராவது எடுத்துக்கொண்டு போக வருவார்கள்.

மறுநாள் ஆறரைக்கு ஒலிவாங்கியை எடுத்தாள்.

"எல்லாப் படகும் கேளுங்க. நான் சொன்ன பதினொண்ணு இன்னியோட தீர்ந்துது. எங்க இருக்கீங்களோ அதைச் சொல்லுங்க. நான் சொன்னது தப்பு. அதைத் திருத்தாம விட்டது அதைவிடப் பெரிய தப்பு."

அலைவரிசையில் வெறும் இரைச்சல். எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.  அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பதினாறு" என்றது ஒரு குரல், தயங்கி.

"இருபத்திரெண்டு, அக்கா."

"பதினாலு."

"பதினொண்ணு. சத்தியமா பதினொண்ணு அக்கா, டீசல் இல்ல." யாரோ ஒருவன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எழுதி முடித்து, வெளியில் இருந்தவர்களை ஒரு தாளில் தனியாக எடுத்து எழுதிக்கொண்டு மதிலண்டை போனாள். காகிதம் அப்படி நேராகப் போகக்கூடாது. தெரிந்தேதான் நீட்டினாள். மதில் சாரும் தெரிந்தேதான் வாங்கினார். படித்துக்கொண்டே போனார். முப்பத்தோரு படகு.

"இவ்வளவு பேரும் தினம் என் கடல்லதான் இருந்தாங்களா?" என்றார். "எனக்குத் தெரியவே இல்லையேம்மா."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளே தொலைபேசி அடித்தது. தலைநகரம்தான், வேறு யார் இந்த நேரத்தில். அடிக்கட்டும் என்று மேசைக்கு வந்து, பதிவேட்டில் அன்றைய பக்கத்தை மூடப் போனவள், தொண்டையின் படகு எண்ணுக்கு நேரே கையிலிருந்த பேனா தானாக நின்றிருந்ததைப் பார்த்தாள். அந்த வரிசை காலியாக இருந்தது. ஒரு சின்னப் புள்ளி மட்டும், மை கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்துவிட்டு, தொலைபேசியை எடுத்தாள்.